ரஸ்ட் தோட்டத்துச் செடிகளின் சகவாச தோஷம்: ஓர் ஆய்வு

ரஸ்ட் என்னும் கணினி விளையாட்டில் மனிதன் கடற்கரையில் அம்மணமாகக் கண் விழிக்கிறான். கையில் ஒரு கல், ஒரு தீப்பந்தம். அடுத்தவன் சுவரை உடைத்து உள்ளே இருப்பதை அள்ளிக்கொண்டு போவதே அந்நாட்டின் தலையாய தொழில் என்பதால், அங்கு நடக்கும் உழவை அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 2020இல் பிரிட்டனின் ஃபேஸ்பஞ்ச் ஸ்டுடியோஸ் நிறுவனத்தார் செடிகளுக்கு மரபணு வழங்கினர். அதன்பின்னும் நாம் வாளாவிருப்பது முறையன்று. இக்கட்டுரை நிறுவ முயல்வது இது: அத்தோட்டங்களில் நடப்பது மெண்டலின் மரபியல் அன்று, பாட்டிமார் வகுத்த சகவாச தோஷமே.

ஒவ்வொரு செடிக்கும் ஆறு மரபணு இருக்கைகள். ஜி இருந்தால் வளர்ச்சி வேகம். ஒய் இருந்தால் விளைச்சல். எச் இருந்தால் குளிரையும் வெயிலையும் தாங்கும் உரம். இம்மூன்றும் பச்சை நிறத்தன, நல்லன. டபிள்யூ தண்ணீரை மொடாக் கணக்கில் குடிக்கும். எக்ஸ் ஒன்றும் செய்யாது. இவ்விரண்டும் சிவப்பு. ஒன்றும் செய்யாததைத் தீயது என்றது என்னை எனின், ஆறே இருக்கை உள்ள இடத்தில் ஒன்றை அடைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் தீமையே என்க. ஐந்து எழுத்தை ஆறு இருக்கையில் 15,625 விதமாக அமர்த்தலாம். ஆனால் பலனுக்கு எண்ணிக்கைதான் கணக்கு, வரிசை அல்ல. ஆகவே குணத்தால் வேறுபடும் செடிகள் 210 மட்டுமே. வரிசையின் அருமை கலப்பின்போதுதான் தெரியும்.

கலப்பு நடக்கும் விதம் விசித்திரமானது. பெரிய பாத்தியில் ஒன்பது குழி. நடுவில் ஒன்று, சுற்றிலும் எட்டு. நடுச்செடி கலப்புப் பருவத்தை எட்டியதும் சுற்றியுள்ளவர்கள் கூடி, அதன் முதல் இருக்கையில் யார், இரண்டாவதில் யார் என்று ஓட்டுப் போடுகிறார்கள். பச்சை மரபணுவின் ஓட்டுக்கு மதிப்பு 0.6. சிவப்பின் ஓட்டுக்கு முழுசாக 1. ஒரு நல்லவனும் ஒரு கெட்டவனும் எதிர்நின்றால் கெட்டவன் வெல்வான். அவனைத் தோற்கடிக்க ஒரே எழுத்தைச் சேர்ந்த இரண்டு நல்லவர்கள் வேண்டும். எட்டில் மூன்று எக்ஸ் வந்துவிட்டால், மீதி ஐந்தும் ஒருமனதாக ஜி என்றாலும் மூன்றுக்கு மூன்று, சமன்தான். ஒருமனதாக நின்றால் என்பதைக் கவனிக்க. பச்சை அணியில் மூன்று கட்சி, ஓட்டு சிதறும். சிவப்பு அணியில் இரண்டே கட்சி. இதை நிரலாக எழுதியவர் உள்ளாட்சித் தேர்தல் எதையாவது நின்று பார்த்திருக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் ஐயம்.

இதில் மகரந்தத்துக்கு வேலை இல்லை. பூக்கக்கூட வேண்டாம். பக்கத்தில் நின்றாலே போதும், செடி தன் வாழ்நாளிலேயே மரபணுவை மாற்றிக்கொள்ளும். பர்னோ மடத்தில் மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணி பயிரிட்டு, தலைமுறை தலைமுறையாக எண்ணி, 1866இல் கட்டுரை அச்சிட்டு, 1900 வரை கவனிப்பாரின்றிக் கிடந்தது இந்நிலத்தில் செல்லாது. செல்லுபடியாவது சோவியத் வேளாண் அறிவியலாளர் லைசென்கோதான். வாழும்போது பெற்ற குணம் வழிவழியாக இறங்கும் என்று அவர் சாதித்தார். 1948இல் சோவியத் அரசு அதையே அறிவியல் என்று அறிவித்தது. மறுத்த மரபியலாளர் வவிலோவ் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே சரட்டோவ் சிறையில் மாண்டிருந்தார். ரஸ்ட்டிலோ, சகவாசத்தால் திருந்திய செடியிலிருந்து ஒரு துண்டு கிள்ளி நட்டால், ஆறு எழுத்தும் அச்சுப் பிசகாமல் வரும். கோதுமை வயலில் விளையாத கொள்கை திரையில் அமோகமாக விளைகிறது.

குறைவற்ற செடியை ஆட்டக்காரர் காட் குளோன் என்பர். அதன் இலக்கணம் குறித்துப் பள்ளிகள் வேறுபடும். மூன்று ஜி, மூன்று ஒய் என்பார் ஒரு சாரார். நான்கு ஒய், இரண்டு ஜி என்பார் மறு சாரார். இவர்கள் நாள் முழுக்கக் கணினிமுன் உட்காராதவர்கள், வேகம் இவர்களுக்கு எதற்கு? பனிப்பகுதியில் வீடு கட்டிக்கொண்டு அவதிப்படுவோர் எச் ஒன்று இருக்கட்டும் என்பர். மூன்று பள்ளியாரும் ஒன்றுபடும் இடம் குதிரைச் சாணம். அதை உரமாக்கிப் போடாமல் மரபணு பேசுபவரை யாரும் மதிப்பதில்லை.

இத்தனை பாடும் பெரும்பாலும் ஹெம்ப் செடிக்காக, அதிலிருந்துதான் துணி. (அதன் தாயாதியை நிஜத் தோட்டத்தில் வைத்தால் மரபணுவை ஆராய்வது போலீஸ்காரர்.)

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் உலகின் விதைகளை மைனஸ் 18 டிகிரியில் காக்கிறார்கள். ரஸ்ட்டில் பெட்டியில் பூட்டிய குளோனை இரவில் பக்கத்து வீட்டுக்காரர் வெடிவைத்து எடுத்துப்போவார். அவரிடமிருந்து தப்பினாலும், ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை எல்லா சர்வரிலும் நிலப்படம் துடைக்கப்படும். பாத்தி, செடி, பக்கத்து வீட்டுக்காரர் வீடு, எதுவும் மிஞ்சாது. கலப்பினப் பயிர் தொடங்க உத்தேசித்திருப்போர் முதலில் காலண்டரைப் பார்த்துக்கொள்ளவும்.