தாத்தா சைக்கிளுக்கு மோட்டார்

கே: தாத்தா ஓட்டிய பழைய ராலே சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. நாமே மோட்டார் மாட்டி ஓட்டலாமா?

ப: தாராளமாக! ஹோண்டாவின் பிள்ளையார் சுழியே அதுதானே! 1946-ல் ஜப்பானின் ஹமமாட்சுவில், போரில் மிஞ்சிய ராணுவ வயர்லெஸ் ஜெனரேட்டர் எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் மாட்டினார் சோய்ச்சிரோ ஹோண்டா. பெட்ரோல் டேங்க்? படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை! மனைவி சாச்சியே ஓட்டிப் பார்த்தார்.

ஓடவைப்பது சுலபம், நிறுத்துவதில்தான் இருக்கிறது வித்தை. உங்கள் தாத்தாவுடையது கம்பி பிரேக்காகத்தான் இருக்கும். பிடித்தால் இரண்டு ரப்பர் கட்டைகள் மேலே எழும்பி ரிம்மின் உள்பக்கத்தில் உரசும். மிதிக்கிற வேகத்துக்கு அது போதும். மழையில் ஸ்டீல் ரிம் நனைந்தால் அதற்கே திணறும். அதனால் முதல் செலவு பிரேக்குக்கு. அடுத்து, ஃபோர்க்கில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள்.

பேட்டரி மோட்டாரே என் சிபாரிசு. 250 வாட், 25 கி.மீ. வேகம் தாண்டினால் நம் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். இன்னொன்று, ஃபிரேமில் துளை மட்டும் போட்டுவிடாதீர்கள். கிளாம்ப் போட்டே மாட்டுங்கள்.