பிரபுக்கள் சுமந்த மூட்டை

தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று, தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி சொன்னாராம். நம் பாட்டன் பூட்டன் அதை நம்பி இலங்கைக்குக் கப்பல் ஏறினார்களாம். மாசி என்பது கடல் மீனை அவித்துக் காயவைத்தது. ஆறாயிரம் அடி உயரத்தில், செடிக்கு அடியில் அது எப்படி ஐயா விளையும்? சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த வெளிநாட்டு வேலை விளம்பரத்துக்குப் பாஸ்போர்ட் நகல் அனுப்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆதியில் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடைதான். பிறகு தூத்துக்குடி வழியும் வந்தது. அங்கே 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்க, கொழும்புக்குக் கப்பல் விட்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கியது. இவர்கள் கட்டணத்தைக் குறைக்க, அவர்களும் குறைக்க, கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி அறிவித்தது: டிக்கட் ஃப்ரீ, கூடவே ஒரு குடையும் ஃப்ரீ! உலகை ஆண்ட சாம்ராஜ்யத்தின் கப்பல், தீபாவளித் தள்ளுபடிக் கடையான கதை இது. மலைநாட்டு ஹட்டன் மழையில் நனைந்தவர் எவரும் அந்தக் குடையைக் குறை சொல்லமாட்டார்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து ரயில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். ஒரே டிக்கட்டில் கொழும்பு! நம்மவர்கள் பொல்கஹவெலவில் கோச்சி மாறி மலையேறினார்கள். நடுவே கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். அதைத் தாண்ட மூன்று சின்ன நீராவிக் கப்பல்கள். பெயரைக் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றும்: கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூவரும் வைஸ்ராய்கள்.

வங்காளத்தை இரண்டாக வெட்டிய கர்ஸன் பிரபுவுக்கு இங்கே இரண்டு கரைகளைச் சேர்க்கிற உத்தியோகம். அந்த வெட்டு ரத்தானது ஹார்டிஞ்ச் காலத்தில். அவரும் அதே கடலில் புகை கக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் ஆண்ட மின்டோ பிரபுவுக்கு மட்டும் இந்தத் துறையில் கப்பல் கிடைக்கவில்லை. பாவம், அவரும் ஐந்து வருடம் ஆண்டவர்தான்!

அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பேன். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கினால் தளத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? டெல்லி தர்பாரில் யானை மேல் ஊர்வலம் போன கர்ஸனுக்கு இப்படியும் ஓர் அபிஷேகம்.

ஏறுவதற்கு முன் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. குளிப்பாட்டு, துணி அவிப்பு, அம்மை குத்துதல். இதற்கெல்லாம் முன்பே, 1901வாக்கில், தகர வில்லை வந்துவிட்டது: மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண், எல்லாம் பொறித்துக் கயிற்றில் கோத்தது. அந்தத் தகரம்தான் டிக்கட். பயணச் செலவை அரசு தோட்டத்திடம் வாங்கும். தோட்டம் கங்காணி கணக்கில் எழுதும். கங்காணி ஆளின் தலையில் எழுதுவார். 'இப்போது பயணம், பிறகு கட்டணம்' என்பதை ஏதோ ஆப் கம்பெனி கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

பல வருடங்களைத் தாண்டுவோம். 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தோட்டத்து மக்களின் குடியுரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர்? பிறகு பார்த்துக்கொள்ளலாம்! கணக்கில் மீதி வந்தால் வாத்தியார் காதைத் திருகுவார், பிரதமர்கள் கைகுலுக்கினார்கள்.

இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு வந்த புயல், தனுஷ்கோடியை ரயிலோடும் உயிர்களோடும் அள்ளிப்போனது. அதில் சிரிக்க எதுவுமில்லை. ஆனால் ஐந்தேகால் லட்சம் பேரை அனுப்ப ஒப்பந்தம் தயார். போய் இறங்கும் துறையைத்தான் காணோம்!

கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. பின்னாளில் ஓடிய கப்பலின் பெயர் ராமானுஜம். வைஸ்ராய்கள் ஓய்வு பெற்றாயிற்று. பாட்டன் வந்தபோது கழுத்தில் தகரம். பேரன் போகும்போது கையில் இந்தியப் பாஸ்போர்ட், அதுவும் கண்ணால் கண்டிராத தாய்நாட்டுக்கு. இறங்கியவர்கள் வரிசையாகப் போய்ச் சேர்ந்த இடம்? அதே மண்டபம் முகாம்.

அங்கிருந்து மறுவாழ்வு. தமிழ்நாட்டு அரசு இவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. புது நாடு, புது வாழ்க்கை, புது வேலை. என்ன வேலை என்கிறீர்களா? கொழுந்து பறிப்பது.