குற்றாலச் சாரலும் பந்தாட்டத் தலைமையும்: ஒரு முடிந்த முடிபு

தென்காசிச் சீமையில் தீராத வழக்குகள் இரண்டு உண்டு. குளித்துவிட்டுச் சாப்பிடப் போவதா, சாப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போவதா என்பது ஒன்று. ‘நம்ம காலேஜ் பாஸ்கெட்பால் டீம்லயே பெரிய பிளேயர் யாரு?’ என்பது மற்றது. முதல் வழக்கை அவரவர் வயிறு தீர்த்து வைத்துவிடும். இரண்டாவதற்கு அப்படியொரு நடுவர் இல்லாததால், ஆண்டுதோறும் ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் அது மறுபடி விசாரணைக்கு வருகிறது. இதை இனியும் எண்ணெய்க் கடை பெஞ்சுகளின் பொறுப்பில் விட்டுவைப்பது தமிழாய்வுலகுக்கு அழகல்ல என்று கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுக்களத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். ஜூன் மாதக் கடைசியில் மலைமேல் மேகம் இறங்கி, வெயிலும் தூறலும் மாறிமாறி வரத் தொடங்கினால் பழைய மாணவர்கள் குற்றாலத்தில் கூடுகிறார்கள். சென்னை, கோவையிலிருந்து வருபவர்கள் உண்டு. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த கடையநல்லூர்க்காரரும் உண்டு. காட்டேஜ் எடுக்கிறார்கள், துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் தேய்க்க உட்காருகிறார்கள். முதல் கை எண்ணெய் உச்சந்தலையில் சப்பென்று விழும்போது முதல் பெயர் முன்மொழியப்படுகிறது. எந்தக் கல்லூரி என்று நான் குறிப்பிடவில்லை. படித்தது தென்காசியோ பாளையங்கோட்டையோ மதுரையோ, வாதம் எழுத்துப் பிசகாமல் ஒன்றே.

பெஞ்சில் தொடங்கும் வாதம் பேரருவிக்கு அடியில் உச்சத்தை அடைகிறது. அங்கே எதிராளி சொல்வது காதில் விழாது. ஆகவே இரு தரப்பும் முழுத் திருப்தியோடு வாதாட முடிகிறது. அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் விசாரணை ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ மாற்றப்படும். இரவில் செங்கோட்டை அருகே பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையில் இறுதி வாதம். அந்த பார்டர் திருவிதாங்கூர் காலத்தது. 1956இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லையே இடம் மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. அங்கே உட்கார்ந்து வாதாடுகிறவர்களும் அந்த மண்ணின் குணத்தோடுதான் வாதாடுகிறார்கள். இலையில் ஐந்து பரோட்டாவைப் பரப்பி, இது சென்டர், இது ரெண்டும் பார்வர்டு, இது ரெண்டும் கார்டு என்று ஒருவர் அணி அமைப்பார். சால்னா வாளியோடு வருபவர் ஒரு சுற்று ஊற்றியதும் அணி கலைந்துவிடும்.

சான்றுகளின் தரம் எப்படிப்பட்டது என்பதற்கு எண்ணெய் பெஞ்சில் நடந்த ஒரு குறுக்கு விசாரணையை அப்படியே தருகிறேன்.

“அண்ணாச்சி, உங்களுக்கு முந்தின செட்டுல நெட்டையா ஒருத்தர் இருந்தார்லா? அந்தக் கோட்டுல நின்னு போட்டார்னா வளையத்துல படாமலே எறங்கும்.”

“நம்ம வளையத்துல வலையே கெடையாதுவே. படாம எறங்கிச்சா, படாம வெளியே போச்சான்னு உமக்கு எப்படித் தெரியும்?”

இந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. தென்காசிப் பக்கத்து சிமென்ட் கோர்ட்டைப் பார்த்தவர்களுக்குக் கேள்வியின் ஆழம் புரியும். சாரல் காலத்தில் அதன்மேல் பாசி ஒரு மெல்லிய பச்சையாகப் படரும். ரப்பர் பந்தின் புள்ளிகள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். ஈரம் பட்டால் கையில் நிற்காது. வளையம் ஒரு பக்கம் சற்றே தொங்கும், ஏனென்றால் யாரோ ஒரு செட் அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறது. அப்படித் தொங்கியவர் யார் என்பதில் மட்டும் எல்லாத் தரப்புக்கும் கருத்தொற்றுமை உண்டு: அவர் எதிர்த் தரப்பு சிபாரிசு செய்யும் ஆட்டக்காரர்.

இந்த விவாத முறைக்குக் குற்றாலத்தில் பெருமைமிக்க முன்னோடி உண்டு. ரசிகமணி டி.கே.சி. இங்கேதான் வாழ்ந்தார், 1954இல் மறைந்தார். வட்டத்தொட்டி என்ற அவருடைய இலக்கியக் கூட்டத்தில் ராஜாஜி, கல்கி போன்றவர்கள் கூடி உட்கார, கவிகளில் தலையாயவர் யார் என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்லப்பட்டது: கம்பர். விடையைவிட முறைதான் நமக்கு முக்கியம். கம்பராமாயணத்தில் தம் ரசனைக்கு ஒத்துவராத பாடல்களை, இவை கம்பர் பாடியவை அல்ல, பின்னால் யாரோ செருகியவை என்று டி.கே.சி. தயங்காமல் ஒதுக்கினார். புலவர்கள் கொதித்தார்கள். ஆனால் எண்ணெய் பெஞ்சு அந்த முறையை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. ஒருவர் போற்றும் ஆட்டக்காரர் இறுதியாட்டத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டார் என்று சாட்சி வந்தால், ‘அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல், அது அவன் ஆட்டமே இல்ல’ என்று பதில் வருகிறது. அதாவது இடைச்செருகல். இப்படி ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனால், கடைசியில் குறையே இல்லாத ஒரு ஆட்டக்காரர் மிஞ்சுவார். அவர் ஆடியது இரண்டு ஆட்டமாக இருக்கும்.

(குறையை ஒதுக்கித் தள்ளும் இந்த முறைக்கு நேர்மாறான மனிதரும் இதே வட்டாரத்தில் இருந்திருக்கிறார். தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இக்கோயிலில் பிற்காலத்தில் நேரும் குறையைத் திருத்திக் காப்பவர்களை வணங்குவதாகக் கல்வெட்டில் சொல்லி வைத்தான். தனக்குப் பின்னால் வருபவரைப் பணிந்த அந்த மன்னன் எந்தக் கல்லூரி அணிக்கும் ஆடியதில்லை.)

பெஞ்சு ஆய்வுகளிலிருந்து சில விதிகள் திரள்கின்றன. மிகச் சிறந்த ஆட்டக்காரர் எப்போதும் பேசுபவருக்கு இரண்டு வருடம் மூத்தவராகவே இருப்பார். ஜூனியர்களில் சிறந்தவர் தோன்றுவதை இயற்கை அனுமதிப்பதில்லை. அடித்த புள்ளிகள் சாரலுக்குச் சாரல் கூடும், ஒருபோதும் குறையாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீசிலோ பேங்கிலோ வேலை கிடைத்தவர் திறமையை ‘நிரூபித்தவர்’ ஆவார். ஆனால் மாதச் சம்பளம் வரத் தொடங்கியதும் அவர்மேல் உள்ள காவியத்தன்மை போய்விடும். காவியத்துக்குத் தேவை தடைபட்ட பெருமை. முழங்கால் மட்டும் போகாமல் இருந்திருந்தால், அப்பா மட்டும் துபாய்க்கு விசா எடுத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால், அந்த அத்தை மகள் மட்டும் இருந்திராவிட்டால் இந்தியாவுக்கே ஆடியிருக்க வேண்டியவர்தான் இப்பட்டியலில் முதலிடத்துக்குத் தகுதி பெறுகிறார். இந்த விதி இக்கட்டுரையின் முடிவுக்கு மிக முக்கியமானது. வாசகர் நினைவில் வைக்கவும்.

ஸ்கோர் ஷீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று சிலர் கூறுவர். அமெரிக்காவைப் பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். லாஸ் ஏஞ்சல்ஸின் யு.சி.எல்.ஏ. அணி ஜான் வூடன் பயிற்சியில் 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம் வென்றது. எல்லாக் கணக்கும் அச்சில் இருக்கிறது. அங்கும் பெரியவர் யார் என்று கேட்டால் அடிதடிதான். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆன லூ அல்சிண்டர் மூன்று ஆண்டுகளில் 88 ஆட்டங்களை வென்று இரண்டில்தான் தோற்றார். ஏன் மூன்றே ஆண்டு? முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. அந்த முதலாண்டுப் பையன்கள் 1965இல் தங்கள் கல்லூரியின் பிரதான அணியையே ஒரு கண்காட்சி ஆட்டத்தில் தோற்கடித்தார்கள். பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணிப்பதையே 1967 முதல் 1976 வரை கல்லூரி ஆட்டங்களில் தடை செய்தார்கள். அல்சிண்டரை நிறுத்த வேறு வழியில்லாமல் என்பது பொதுவான பேச்சு. சரி, அவர்தான் என்று எழுந்திருக்கப் போனால் அதே அணியில் பின்னால் ஆடிய பில் வால்டனின் கட்சி வழியை மறிக்கும்: 1973 இறுதியாட்டத்தில் 22 முறை எறிந்து 21ஐ உள்ளே போட்டு 44 புள்ளி எடுத்தவரை எங்கே வைப்பீர்கள்? இவ்வளவு காகிதம் இருந்தும் தீராத வழக்கு, காகிதமே இல்லாத நம் ஊரில் எப்படித் தீரும்?

ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரைக் கேட்கலாமா என்றால் அதுவும் பயனில்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து 13 விதிகள் எழுதினார். பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போய் 55 ஆட்டம் வென்று 60 ஆட்டம் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் வென்றதைவிட அதிகம் தோற்றவர் அவர் ஒருவர்தான். நம் பெஞ்சுக்கு வந்திருந்தால் அவருக்குச் சப்ஸ்டிட்யூட் இடமும் கிடைத்திருக்காது.

ஆகவே வேறு வகைச் சான்று தேவைப்படுகிறது: அச்சில் வந்தது, குற்றாலத்து எல்லைக்குள் நிகழ்ந்தது, ஐயமறப் பந்தைப் பற்றியது. அப்படிப்பட்ட ஆவணம் ஒன்றே ஒன்று உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி.

அதில் நாயகி வசந்தவல்லி பந்தடிக்க வருகிறாள். அவள் வேகத்தையும், அந்த வேகத்தில் வளையும் கூந்தலும் இடையும் படும் பாட்டையும் கவிராயர் தாளக்கட்டோடு வர்ணிக்கிறார். நெய்ஸ்மித்தின் மூல விதிகளில் பந்தைப் பிடித்தவர் நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். தட்டிக்கொண்டே நகரும் டிரிபிளிங் அதில் கிடையாது, ஆட்டக்காரர்கள் பின்னால் கண்டுபிடித்தது. வசந்தவல்லியோ 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பந்தைத் தட்டியபடி களம் முழுக்கத் திரிகிறாள். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். ஒரு பந்தாட்ட வர்ணனைக்கு நன்செய் நிலம் கிடைத்தது உலக விளையாட்டுப் பத்திரிகை வரலாற்றில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. புள்ளிக் கணக்கைப் பற்றிக் கவிராயர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் கவனிக்க. நம் பழைய மாணவர்கள் யாரிடம் பாடம் கேட்டவர்கள் என்பது விளங்கும்.

கூடை எங்கே என்று கேட்பார்கள். அதே நூலில் குறி சொல்லும் குறத்தி இடுப்பில் கூடையோடுதான் வருகிறாள். முற்பகுதியில் பந்து, பிற்பகுதியில் கூடை. அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்கக் கண்ணி வைக்கிறான். கண்ணி வலையாகாது என்பார்கள். கல்லூரிக் கோர்ட்டில் அதுவாவது தொங்குகிறதா?

மறுப்புகளையும் பார்த்துவிடுவோம். வசந்தவல்லி எந்தக் கல்லூரிக்கும் ஆடவில்லை என்பது முதல் மறுப்பு. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி வந்ததே 1964இல்தான். அதற்கு முன் பிறந்தது அவள் குற்றமில்லை. சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கியதும் 1920இல்தான். பெண்ணை எப்படிச் சேர்ப்பது என்று அடுத்த மறுப்பு. இதுதான் பெஞ்சின் உண்மையான நோய் என்பது என் தீர்மானம். அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்து விவாதம் இந்த வழக்கின் ஆவணங்களில் ஏறவே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முழங்கால் போன நெட்டையர்களைப் பற்றி இரவு முழுக்கப் பேசும் பெஞ்சில் அந்தப் பெயர் ஒருமுறைகூட அடிபடுவதில்லை. சென்னைக்காரர் என்பதால் அவர் இவ்வழக்கின் எல்லைக்கு வெளியே இருக்கலாம். பெஞ்சின் அறிவுக்கு வெளியே இருப்பது நியாயமில்லை.

வசந்தவல்லி கற்பனைப் பாத்திரம் என்பது மூன்றாவது மறுப்பு. பெஞ்சில் கேள்விப்படும் ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கும் அதே நிலைதான். இவளுக்காவது புத்தகம் இருக்கிறது.

பாதி ஆட்டத்தில் களத்தை விட்டுப் போனவளுக்கு முதலிடமா என்று நான்காவதாகக் கேட்பார்கள். மிக வலுவானது என்று எதிர்த்தரப்பு நினைக்கும் மறுப்பு இதுதான். போனாள், உண்மை. பந்தடித்துக்கொண்டிருக்கும்போது குற்றாலத்து இறைவன் திரிகூடநாதரின் உலா வருகிறது. பார்த்தாள், மனதைப் பறிகொடுத்தாள், ஆட்டம் அத்தோடு முடிந்தது. அன்று அந்த உலா மட்டும் அந்தத் தெரு வழியாக வராமல் இருந்திருந்தால்? பெஞ்சே வகுத்த விதி பெஞ்சையே கட்டும். மேல் முறையீட்டுக்கு இடமில்லை.

தீர்ப்பு வருமாறு: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் தலைசிறந்த பந்தாட்டக்காரர் வசந்தவல்லி. ஐவர் அணியில் மற்ற நான்கு இடங்களும் காலியாக உள்ளன. தம் செட்டு ஆட்டக்காரருக்காக உரிமை கோருவோர் சீசன் முடிவதற்குள், அன்றைய நடுவர் கையெழுத்திட்ட ஸ்கோர் ஷீட்டோடு எண்ணெய் பெஞ்சுக்கு நேரில் வரவும். ஜெராக்ஸ் ஏற்கப்படாது.