குதிரை இல்லாத குறை

ஜவ்வாதுமலை அடிவாரத்துச் செங்கம் வட்டார நடுகற்களில் சேவகன் என்றொரு ஆள் வருகிறான். வில்லும் வாளும் ஏந்தி, ஊர் மாட்டை ஓட்ட வந்தவர்களோடோ புலியோடோ மல்லுக்கட்டிச் செத்தவன். பல்லவ மன்னனின் ஆட்சியாண்டைப் போட்டு, அவன் பேரையும் வெட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். 1972-ல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலில் இந்த மரியாதையைப் பார்க்கலாம். இன்று சேவகன் என்றால் கோப்பு தூக்குகிறவர், டீ வாங்கி வருகிறவர். இந்தப் பதவியிறக்கத்துக்குக் காரணம் ஒன்றுதான்: அவனிடம் குதிரை இல்லை. நடந்துபோய்ச் சண்டை போட்டவனின் பெயர் எடுபிடி வேலையில் போய் முடிவதுதான் உலக வழக்கம்.

பியூனையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கீசியர் வாயில் அது காலாள். கும்பினி காலத்தில் கத்தியும் கேடயமுமாக நின்றவர், பிறகு டவாலி மாட்டிக்கொண்டார். இப்போது அலுவலக உதவியாளர். சிப்பாய் கதை இன்னும் வேடிக்கை. படை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லில் பிறந்த அதே பெயர், துருக்கியில் குதிரையேறி நிலமானியம் வாங்கியது. இங்கே நடந்துவந்து சதுரங்கப் பலகையில் முதலில் வெட்டுப்படுகிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையைப் பிடித்த சிப்பாய்களை அன்றைக்கே அடக்கியதும் ஆற்காட்டிலிருந்து பாய்ந்துவந்த குதிரைப்படைதான்.

‘சேவை என்பதே ஊழியம்தானே, சேவகன் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான், இதில் என்ன இறக்கம்?’ என்று கேட்கலாம். சேவகனுக்கு அது பொருந்தும். ஆனால் பியூனின் வேரில் ஊழியம் இல்லை, பாதம்தான் இருக்கிறது. அவரும் சேவகனைப் போலவே அதிகாரியின் அறைக்கு வெளியேதான் நிற்கிறார். ‘ஆங்கிலத்தில் பையன், வேலைக்காரன் என்றிருந்த சொல்தானே நைட் என்று உயர்ந்தது?’ என்பார் இன்னொருவர். உயர்ந்தது, குதிரை கிடைத்த பிறகு. கடைசி ஆட்சேபம் சிங்கம்புணரியிலிருந்து வரும்: அங்கே சேவுகப்பெருமாள் இன்றும் வீரம் குறையாமல் கும்பிடு வாங்குகிறாரே! வாங்குவார். அவர் அய்யனார், ஊரே புரவியெடுத்து மண்குதிரை கொண்டுபோய் நிறுத்துகிறது.