ஒட்டுப் பசையில் தாமிரபரணியின் பங்கு: ஒரு விசாரணை

திருநெல்வேலிச் சீமையில் எது நன்றாக அமைந்தாலும் காரணம் ஒன்றுதான். அல்வா தொண்டையில் வழுக்கினால் தாமிரபரணித் தண்ணீர். பத்தமடைப் பாய் பட்டுப்போல மடிந்தால், கோரை ஊறிய தண்ணீர். மாப்பிள்ளை வாய்ச்சவடாலில் கெட்டிக்காரராக இருந்தால், அவர் குடித்து வளர்ந்த தண்ணீர். இப்பெருங்கோட்பாட்டை மரவேலைக்கு விரித்துப் பார்த்தவர் இல்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

தோற்றுவாய், பாட்டியின் ஆடும் நாற்காலி. அடியில் வில்லாக வளைந்த கட்டை ஒன்று முறிந்துவிட்டது. மெல்லிய தேக்குச் சிம்புகளை அடுக்கி வளைத்து, இடையில் பசை தடவி அழுத்திப் பிடித்தால் புதிய வில் கிடைக்கும். எந்தப் பசை என்பதே வினா. பழைய தச்சர்கள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைச் சூடாக்கித் தடவினார்கள். (ஓட்டலில் கேட்டால் மீன் வரும்; அது வஞ்சிரம்.) இன்று ஹார்டுவேர் கடையில் ‘பசை’ என்று வாயெடுக்கும் முன்பே பெவிக்கால் டப்பா மேசைக்கு வந்துவிடுகிறது. அதன் மேல் குறைசொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. அந்த வெள்ளைப் பசை காய்ந்த பின்னும் உள்ளுக்குள் கொஞ்சம் நெகிழ்வுடையது. வளைத்து ஒட்டிய சிம்புகள் நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கும். பசை வருடக்கணக்கில் இணங்கிப்போகும். ஒருநாள் வில் நிமிர்ந்து பாட்டி சாய்வார். நெகிழாத பசை வேண்டுமெனில் தூளாக விற்கும் யூரியா பார்மால்டிஹைடு ரெசினை நாட வேண்டும். இதைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். ‘தண்ணீர்’ என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் ஆய்வு பிறந்தது.

பெவிக்கால் இறுகுவது தன்னிடமுள்ள ஈரத்தை இழந்து. தூள் பசையின் வழி வேறு. தண்ணீர் பட்டதும் தூளோடு கலந்திருக்கும் கடினமாக்கி விழித்துக்கொள்கிறது. அதன்பின் நடப்பது வேதிவினை. அதனால்தான் கிண்ணத்தில் இறுகிப்போனதை மறுபடி தண்ணீர் விட்டு இளக்க முடியாது. அதனால்தான், மூடி சரியாக மூடாத டப்பாவுக்குள் ஐப்பசி மழைக்காற்று புகுந்தால் நாம் கலக்காமலேயே அது தன்னைக் கலந்துகொள்கிறது. வாங்கும்போது டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள். பொலபொலவென்று ஓடினால் நல்லது; கட்டிகள் முட்டினால் கடைக்காரரிடமே இருக்கட்டும். தயாரித்த தேதியும் முக்கியம். ஏறக்குறைய ஓராண்டுதான் இதன் ஆயுள்.

பசைக்கு 21 டிகிரி வெப்பமாவது வேண்டும் என்பது பொது விதி. குளிர்நாட்டார் இதற்காக அடுப்பு மூட்டுவர். நெல்லையில் மார்கழி விடியலிலும் அதற்குக் கீழே இறங்குவது அரிது. நமது இடர் எதிர்த்திசையில். அக்கினி நட்சத்திரத்தில் பகல் பன்னிரண்டுக்குக் கலக்கிவிட்டு ஒரு வாய் காப்பி குடிக்கப் போனவர், திரும்பும்போது கிண்ணத்தில் குச்சி நட்டுக்கொண்டு நிற்பதைக் காண்பார்.

வெக்கை மீது பழி போடுவதற்கும் முன்னுதாரணம் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் மஸ்கிட்டோ என்ற போர்விமானம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. முதலில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையாலும், பிறகு இதே யூரியா பார்மால்டிஹைடு வகையாலும் ஒட்டப்பட்டது. 1944-இல் இந்தியப் பக்கத்தில் இருந்த சில விமானங்கள் சிறகு பிய்ந்து விழுந்தன. பசை உருகியது, ஈரக்காற்று தின்றது என்று பேச்சு. ஆராய்ந்தபோது, தொழிற்சாலையிலேயே மூட்டுகள் சரியாகப் பொருந்தாமல் ஒட்டப்பட்டிருந்தது வெளிவந்தது. பசையைத் திட்டும் ஒவ்வொருவரும் தம் இழைப்புளியை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்பது இதன் கருத்து.

இனி சோதனை. ஒரே தேக்கில் அறுத்த மூன்று ஜோடித் துண்டுகள். முதலாவதற்கு வண்ணாரப்பேட்டைப் படித்துறையில் மொண்ட ஆற்றுநீர். ஒப்பீட்டுக்கு, ஆற்றுக்குத் தொடர்பில்லாத நீர் வேண்டும். இங்குதான் ஆய்வு தடுக்கியது. வீட்டுக் குழாயில் வருவது தாமிரபரணி. கோவில்பட்டி சித்தி வீட்டிலிருந்து ஒரு கேன் வரவழைத்தேன். சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே அங்கே போவதும் தாமிரபரணி என்பது கேன் வந்து இறங்கிய பின்பே தெரிந்தது. தூத்துக்குடிக்காரர்களைக் கேட்டால் வல்லநாட்டைக் கைகாட்டினார்கள். கடைசியில் கொல்லைப்புறத்து ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரோடு சமாதானம் ஆனேன். மூன்றாவதாகக் கோவில்பட்டிக் கேன், வரவழைக்கச் செலவழித்துவிட்டதால்.

என் பொட்டலத்தில் ஐந்து பங்கு தூளுக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றக் கூடாது. கூழுக்குக் கேப்பைமாவு கரைக்கிற கைப்பக்குவம்தான்: கொஞ்சம் விட்டுக் கட்டியில்லாமல் பிசைந்து, பிறகு மீதியை விட வேண்டும். ஆனால் கூழ்ப் பாத்திரத்தில் அல்ல. இத்தூளுக்குச் சத்துமாவின் நிறம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அடுக்களை அலமாரியில் வைப்பவர் ஆய்வாளர் அல்லர், குற்றவாளி. கிளம்பும் நெடி கண்ணைக் கரிக்கும். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவுகட்டியது. ஆகவே கையுறை, கண்ணாடி, முகமூடி, காற்றோட்டமான திண்ணை. காய்ந்த பசையை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் முகமூடி வேண்டும். அந்தத் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. வழிந்ததை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிட்டால் பாதித் தேய்ப்பு மிச்சம்.

ஒரு ராத்திரி கிளாம்பில் கிடந்தன. மறுநாள் கொட்டாப்புளியால் அடித்தேன். உப்புத் தண்ணீர் ஜோடியில் மரம் உடைந்தது, மூட்டு நின்றது. கோவில்பட்டியும் அவ்வாறே. ஆற்றுநீர் ஜோடி இரண்டாம் அடியில் ‘பளிச்’சென்று பிரிந்தது. காரணம் எனக்குத் தெரியும். படித்துறை நீராயிற்றே என்று பக்தியில் ஒரு மடக்கு கூடுதலாக ஊற்றியிருந்தேன். பக்கத்து வீட்டாருக்குக் காட்டும் ஆசையில் கிளாம்பையும் இரவே ஒருமுறை தளர்த்திவிட்டேன். தண்ணீர் எந்த ஊருடையது என்பதல்ல, எத்தனை பங்கு என்பதே பொருட்டு: இது என் முடிபு.

முடிபைத் தெருக்கோடி ஆசாரியிடம் சமர்ப்பித்தேன். ஐம்பது வருஷக் கை. பிரிந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆத்துத் தண்ணிய எங்கன எடுத்தீரு?”

“வண்ணாரப்பேட்டையில அண்ணாச்சி.”

“அங்க எடுத்தா எப்படிவே ஒட்டும்? பாவநாசத்துல எடுக்கணும்லா.”

இதை எழுதும்போது பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் காலிக் கேன்.