விழுப்புண் எந்தப் பக்கம்?

கே: போருக்குப் போய் வந்தவருக்கு அப்படி என்ன வருத்தம்? கை, கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? (ப.சி., லசால்)

ப: நெஞ்சில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண் என்று நம் முன்னோர் இரண்டு பேரேடு வைத்திருந்தார்கள். நித்திரையில் படும் புண்ணை எதில் எழுதுவது?

கே: அது இந்தக் காலத்து நோயா, ஐயா? (நா.க., லவால்)

ப: நோய் பழசு, பெயர்தான் புதுசு. முதல் உலகப்போரில் 'ஷெல் ஷொக்', இரண்டாவதில் 'போர்க்களைப்பு', 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் ஏறியபோது 'பீ.டி.எஸ்.டி.', அதாவது அதிர்ச்சிக்குப் பின்வரும் மன உளைச்சல். முதல் போரில், ஓடியவன், கோழை என்று 23 கனடியச் சிப்பாய்களைச் சொந்தப் படையே சுட்டது. கனடா அரசு அதற்குப் பாராளுமன்றத்தில் வருத்தம் சொன்னது 2001இல். தோட்டா விரைவு, வருத்தம் மாட்டுவண்டி.

கே: ஜெனரல்களுக்கும் வருமா? (வி., பியர்ஃபோன்)

ப: மொன்றியலில் வளர்ந்த ரோமியோ டலேரைக் கேளுங்கள். 1994இல் ருவாண்டாவில் ஐ.நா. படைத் தளபதி. கேட்ட துணைப்படை வரவில்லை. இனப்படுகொலையைக் கண்ணால் பார்த்தார். 2000இல், ஹல் நகரப் பூங்காவில் ஒரு வாங்கின் கீழ் சுயநினைவின்றிக் கிடந்தார். பிறகு அத்தனையையும் ஊரறியச் சொன்னார். தோளில் நட்சத்திரம் கூடினால் நித்திரையும் கூடுமா என்ன?

கே: இவர்கள் ஏன் உதவி கேட்பதில்லை? (ச.ம., கோட்-தெ-நேஜ்)

ப: வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைத் துளைத்து முதுகில் வந்தது. முதுகில் புண்ணா என்று நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். வேல் விட்டுவைத்த உயிரை வெட்கம் எடுத்தது.

அந்த வெட்கத்துக்கு மருந்து கண்டவர் கனடியப் படை அதிகாரி ஸ்தெஃபான் கிரெனியே. அவரும் ருவாண்டா போய் நொந்து வந்தவர். போய் வந்தவனோடு போய் வந்தவனே பேசும் ஏற்பாட்டை 2001இல் தொடங்கினார். வைத்தியரிடம் மறைக்கலாம், கூடக் கிடந்தவனிடம் மறைக்க முடியுமா?

கே: நாய் வளர்த்தால் குணமாகுமாமே? (அதே வாசகர்)

ப: பலருக்குத் துணை. "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்று நாய் கேட்பதில்லை.

கே: மொன்றியல் இவர்களுக்கு என்ன செய்தது? (து.இ., டொர்வால்)

ப: 1908 டிசம்பர். தெருவில் கிடந்த ஒருவரைக் குடிகாரன் என்று பொலிஸார் மொன்றியல் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்தர் ஹெயர் என்ற ஊழியர் சட்டைப்பையைப் பார்த்தார். நீல உறை. உள்ளே பிரிட்டிஷ் படையிலிருந்து கௌரவமாக விடைபெற்ற சான்றிதழ்! குடியல்ல, குளிரும் பட்டினியும். பெயர் ஜேம்ஸ் டேலி. இரண்டு நாளில் போய்விட்டார். உடலைக் கேட்டு ஆள் வராததால், அறுத்துப் படிக்கக் கொடுப்பதாக ஏற்பாடு. ஹெயர் விடவில்லை, கூட வேலை செய்தவர்களிடம் காசு சேர்த்து அடக்கம் செய்தார். இப்படிப்பட்ட படைவீரர்களை அடக்கம் செய்ய, 1909இல் 'லாஸ்ட் போஸ்ட்' நிதியம் பிறந்தது. 1930இல் புவாந்த்-கிளேரில் படைவீரர் மயானம்.

தீவின் மேற்கு முனையில், படைவீரருக்காகத் தொடங்கிய செந்த்-ஆன் ஆஸ்பத்திரி 1917இலிருந்து இருக்கிறது. அடுத்தடுத்த போர்களின் காயங்களும் அதன் கட்டில்களுக்கு வந்து சேர்ந்தன.

கே: மேல்மாடியில் ஒரு பழைய சிப்பாய். வாணவேடிக்கை இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு இருக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, பார்க் எக்ஸ்டென்ஷன்)

ப: ஊரில் போரைப் பார்த்து வந்து, ஹெலி சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்தும் பெரியம்மா உங்கள் வீட்டில் இல்லையா? அதே வருத்தம்தான், தங்கச்சி. முதல் நாளே கதவைத் தட்டி, நாளை இரவு வெடிச்சத்தம் கேட்கும் என்று சொல்லிவிடுங்கள். அன்றிரவு பெரியம்மா ஊற்றும் பிளேன்டீயில் ஒரு கோப்பை மேலே போகட்டும். அவர் பேசாவிட்டால் நீங்களும் பேசவேண்டாம். இஞ்சி மட்டும் கொஞ்சம் கூட.