மருந்துப்பெட்டி சார்

சென்னையிலிருந்து துபாய் வழியாக ஐரோப்பா கிளம்பும் எந்த குரூப் டூரிலும் இவர் ஒருவர் இருப்பார். ரிட்டையர்டு ஆபீசர். சுகர் உண்டு, பி.பி. உண்டு, எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. விமான நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மடிப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்பார். அதில் பேதிக்கு ஒரு மாத்திரை, பேதியை நிறுத்த ஒன்று, நின்றது மறுபடி போவதற்கு ஒன்று. அப்புறம் ஓம வாட்டர், சுக்குப்பொடி, இஞ்சி லேகியம், கோடாலித் தைலம்.

“அங்கெல்லாம் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் தரமாட்டான் சார்” என்பார். உண்மைதான். ஆனால் அவர் தினமும் போட வேண்டிய சுகர் மாத்திரையும் பி.பி. மாத்திரையும் அந்த டப்பாவில் இருக்காது. அவை பெரிய பெட்டியில், மாமியின் புடவைகளுக்கு அடியில், “பத்திரமாக” இருக்கும். பெட்டி துபாயிலேயே தங்கிவிட்டால் சார் சூரிக்கில் லேகியத்தை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டியதுதான்.

துபாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் கணக்கு என்று யாரோ சொல்லிவிட, மாமி அரைத்து வைத்திருந்த குருமாப் பொடியை விமான நிலைய வாசலிலேயே மகனிடம் திருப்பிக் கொடுக்க வைப்பார். ஆனால் அவருடைய மருந்து டப்பாவில் கோடீன் கலந்த இருமல் சிரப் கம்பீரமாக நிற்கும். அதற்கும் அந்த நாட்டில் முன்அனுமதி வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். “இது மருந்து சார்!” என்று உங்களையே சந்தேகமாகப் பார்ப்பார்.

ஐரோப்பா விசா வாங்க முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதனால் எடுத்திருப்பார், வயிற்றெரிச்சலோடு. ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்று அழுத்தமாக எழுதியிருப்பார், பிரீமியம் ஏறிவிடுமே! பஸ்ஸில் இருக்கும் நாற்பது பேருக்கும் அவருடைய சுகர் அளவு தெரியும். காப்பீட்டுக் கம்பெனிக்கு மட்டும் தெரியாது.

விமானத்தில் ஜன்னல் சீட். குரங்குக் குல்லா, காதில் பஞ்சு. எழுந்தால் இரண்டு பேரை எழுப்ப வேண்டுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார். நாலு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைய வாய்ப்பு கூடும் என்பதற்காக ஒரு பையன் நடைபாதையில் உலாத்திக்கொண்டிருப்பான். “உட்காருப்பா, தலை சுத்தும்” என்று அவனுக்கும் ஒரு புத்திமதி.

ஸ்விட்சர்லாந்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். சார் குடிக்க மாட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த கெட்டிலில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மாமியின் பழைய புடவைத்துண்டில் வடிகட்டி பாட்டிலில் பிடிப்பார். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வைத்த பழங்களையும் தொடுவதில்லை. “யார் கழுவினாங்களோ!”

டிட்லிஸ் மலையில் கேபிள் கார் போய் நிற்கும் இடம் 3,020 மீட்டர் உயரம். நம்மவர்கள் ஷாருக் கான், கஜோல் கட்-அவுட்டோடு படம் எடுக்க அடித்துப் பிடித்து ஓடுவார்கள். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஓடினால் சிலருக்கு மூச்சு வாங்கும், தலை கிர்ரென்னும். மெதுவாக நடக்கலாம், தாங்காவிட்டால் கீழே இறங்கலாம். அதுதான் சிறந்த வைத்தியம். சார் அதைப் பித்தம் என்பார். மயங்கி உட்கார்ந்தவர் நெற்றியில் கோடாலித் தைலத்தை அரக்கித் தேய்ப்பார். பாவம், தைலம் கண்ணில் இறங்கி அவர் அழுவதைப் பார்த்து, “பாத்தீங்களா, நீர் வடிஞ்சா சரியாயிடும்!”

இத்தனை காவலையும் தாண்டி ஆபத்து உள்ளே வருவது எவர்சில்வர் தூக்கில். ஒரு தடவை, கிளம்பிய அன்று கட்டிய தேங்காய்ச் சாதத்தில் கொஞ்சம் மிச்சம். புளியோதரை என்றால்கூடத் தாங்கும். தேங்காய்ச் சாதம் எத்தனை நேரம் தாங்கும் என்று சென்னையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சூடான பஸ்ஸில் மூடியைத் திறந்தபோதே பின்சீட்டு வரை சேதி போய்விட்டது. மாமி முகர்ந்து பார்த்துவிட்டு, “வேண்டாங்க, கொட்டிடலாம்” என்றாள்.

“நம்ம வீட்டுச் சாப்பாடுடி! ஒண்ணும் பண்ணாது.”

சோற்றில் ஒரு கிருமி உண்டு. சமைக்கிற சூட்டிலும் அதன் விதைகள் சாவதில்லை. சாதம் மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் முளைத்து விஷம் கக்கும். அப்புறம் சுடவைத்தாலும் அந்த விஷம் போகாது. அதற்கு வீட்டுச் சாப்பாடு, வெளிச் சாப்பாடு என்ற பேதமெல்லாம் கிடையாது.

ராத்திரி முழுக்க வாந்தி. டூர் மேனேஜர் தம்பி ஓடி வந்தபோது சார் கட்டிலில் சுருண்டபடி தீர்ப்பு சொன்னார்: “இந்த ஊர் தண்ணி ஒத்துக்கலை தம்பி. பல் தேய்க்கறப்போ உள்ள போயிருக்கும்.”

தம்பி உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்து, வாய் வாயாகக் குடிக்கச் சொன்னான். அதுவும் டப்பாவில் இல்லாத மருந்துதான். “சார், காப்பீடு இருக்கே. போன் பண்ணினா டாக்டருக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. சுகர், பி.பி. ஏதாவது இருக்கான்னு மட்டும் கேப்பாங்க.”

சார் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“போனெல்லாம் எதுக்குப்பா? காலைல எத்தனை மணிக்குப் பஸ்?”